ராபர்ட் போர்கென்ஸ்டைன்

ராபர்ட் பிராங்க் போர்கென்ஸ்டைன் (ஆகஸ்ட் 31, 1912 – ஆகஸ்ட் 10, 2002) ஐக்கிய அமெரிக்காவின் இன்டியானா மாநிலக் காவல்துறையில் பணியாற்றிய அலுவலரும், கண்டுபிடிப்பாளரும், பேராசிரியரும் ஆவார். வாகன ஓட்டியின் மூச்சுக் காற்றைக் கொண்டு அவரது குருதியில் உள்ள ஆல்ககாலின் (மதுசாரத்தின்) அளவைக் கணிக்கும் பிரெத்தலைசர் என்னும் கருவியை 1954ஆம் ஆண்டில் உருவாக்கியவர் இவரே. மது அருந்திய ஓட்டுநரால் விபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு கூடுகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய கிராண்ட் ராப்பிட்ஸ் ஆய்வுக்கும் இவரே தலைமை தாங்கினார்.

காவல்துறையினர் பெரும்பாலும் வீரச் செயல்களுக்காகவும் நீண்ட காலப் பணிக்காகவும் பதக்கம் பெறுவர். போர்கென்ஸ்டைனுக்குக் கிடைத்த சிறப்புகள் வேறு வகையைச் சேர்ந்தவை. குற்றவாளியைப் பிடித்தமைக்காக அல்லாமல், விபத்தும் காயமும் நேராமல் தடுக்க வழிகாட்டியமைக்காக இவர் போற்றப்படுகிறார். சாலைப் பாதுகாப்புத் துறையில் இவரது பெயரால் ஒரு விருதும் ஒரு பயிற்சி வகுப்பும் உள்ளன.

வாழ்க்கை

போர்கென்ஸ்டைன் இன்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேய்ன் நகரில் பிறந்தார். இவர் பள்ளிப் படிப்பை முடித்த காலத்தில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியிருந்தது. கல்லூரிக்குச் செல்லும் வசதி இல்லாமையால் ஒளிப்படத் தொழில்நுட்பராக வேலைக்குச் சேர்ந்தார். ஒளி, வேதிப்பொருள், நிறம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கையாளும் தொழில் இது. இவர் பின்னாளில் உருவாக்கிய கருவியும் இம்மூன்றையே அடிப்படையாகக் கொண்டது.

1936ஆம் ஆண்டில் இன்டியானா மாநிலக் காவல்துறையின் குற்றவியல் ஆய்வுக்கூடத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, கேப்டன் என்னும் பதவியில் ஆய்வுக்கூடப் பணிகளின் பொறுப்பாளரானார். காவல்துறைப் புலனாய்வில் பொய்யறி கருவியைப் பயன்படுத்துவதிலும் இவருக்குப் பங்குண்டு.

காவல்துறைப் பணியில் இருந்துகொண்டே இன்டியானா பல்கலைக்கழகத்தில் பயின்று 1958ஆம் ஆண்டில் இளநிலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்று, அப்பல்கலைக்கழகத்தில் புதிதாகத் தோற்றுவிக்கப்பட்ட காவல் நிருவாகத் துறைக்குத் தலைவரானார். தமது 89ஆம் வயதில், பல்கலைக்கழகம் அமைந்துள்ள புளூமிங்டன் நகரில் காலமானார்.

பின்னணி

தானுந்துகள் பெருகிய 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுதல் குற்றமாக்கப்பட்டது. ஆனால் ஒருவர் போதையில் இருந்தார் என்பதை நீதிமன்றத்தில் நிறுவுவது கடினமாக இருந்தது. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, மது வாடை வீசியது என்று காவலர் அளிக்கும் சாட்சியமே பெரும்பாலும் ஆதாரமாகக் கொள்ளப்பட்டது. இம்முறையில் இரு வகைத் தவறுகள் நேர்ந்தன. மிகுதியாக அருந்தியும் தள்ளாடாத பழக்கக் குடியர் தப்பினர். தலையில் அடிபட்டவரும் நீரிழிவால் மயங்கியவரும் குடிகாரர் எனக் கருதப்படும் இடர் இருந்தது.

குருதியை எடுத்து ஆய்வது நம்பகமான வழியாகும். சுவீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் என்பவர் சிறிதளவு குருதியைக் கொண்டே ஆல்ககாலை அளக்கும் முறையை 1922இல் வெளியிட்டார். நார்வே 1936ஆம் ஆண்டில் 0.05 விழுக்காடு என்னும் வரம்பைச் சட்டமாக்கியது. எனினும் குருதி எடுக்க மருத்துவர் ஒருவர் தேவை. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் இது எளிதன்று.

மூச்சைக் கொண்டு அளக்கும் நடைமுறைக் கருவியை இன்டியானா பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் ரோலா ஹார்கர் 1931இல் உருவாக்கினார். இது டிரங்கோமீட்டர் எனப்பட்டது. ஓட்டுநர் ஒரு பலூனில் ஊதுவார். அந்தக் காற்று அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் வழியே செலுத்தப்படும். ஆல்ககால் இருப்பின் கரைசலின் ஊதா நிறம் மங்கும். 1938ஆம் ஆண்டின் இறுதி நாள் இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தின்போது, இன்டியானாபொலிஸ் நகரக் காவலர் இக்கருவியை முதன்முதலாகப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டில் இன்டியானா மாநிலம், குருதியில் 0.15 விழுக்காடு ஆல்ககால் இருப்பதைப் போதைக்கான சான்றாக ஏற்கும் சட்டத்தை இயற்றியது.

ஹார்கருடன் இணைந்து பணியாற்றிய போர்கென்ஸ்டைன் டிரங்கோமீட்டரின் குறைகளை நேரில் அறிந்தவர். கருவியை இடம் மாற்றும்போதெல்லாம் மீண்டும் சரிபார்க்க வேண்டியிருந்தது. அளவைப் பெறக் கணக்கிட வேண்டியிருந்தது. வேதியியல் பயிற்சி இல்லாத காவலர் அதனைக் கையாளுவது எளிதாக இல்லை.

பிரெத்தலைசர்

போர்கென்ஸ்டைன் 1954இல் உருவாக்கிய கருவி, வேதிவினையையும் ஒளி அளவீட்டையும் இணைத்தது. இதற்கான காப்புரிமை 1958இல் வழங்கப்பட்டது. மூச்சு எனப் பொருள்படும் ‘பிரெத்’, பகுப்பாய்வுக் கருவி எனப் பொருள்படும் ‘அனலைசர்’ ஆகிய ஆங்கிலச் சொற்களின் சேர்க்கையால் பிரெத்தலைசர் என்னும் பெயர் அமைந்தது. இது ஒரு வணிகப் பெயராகும். ஆயினும் காலப்போக்கில் எல்லா மூச்சுப் பரிசோதனைக் கருவிகளையும் குறிக்கும் பொதுச் சொல்லாகிவிட்டது.

செயற்படும் முறை

நுரையீரலின் நுண்ணறைகளில் குருதியும் காற்றும் மெல்லிய சுவருக்கு இருபுறமும் உள்ளன. குருதியில் உள்ள ஆல்ககாலின் ஒரு பகுதி ஆவியாகி அக்காற்றில் கலக்கிறது. குறிப்பிட்ட வெப்பநிலையில், கலக்கும் அளவு குருதியில் உள்ள அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்கும் (ஹென்றியின் விதி). ஏறத்தாழ 2100 மில்லிலிட்டர் ஆழ்மூச்சுக் காற்றில் இருக்கும் ஆல்ககால், 1 மில்லிலிட்டர் குருதியில் இருக்கும் ஆல்ககாலுக்குச் சமம் என்று கொள்ளப்படுகிறது. பிரெத்தலைசரும் இந்த 2100:1 விகிதத்தையே அடிப்படையாகக் கொண்டது.

கருவியின் செயற்பாட்டைப் பின்வருமாறு விளக்கலாம்:

1. ஓட்டுநர் ஒரு குழாயில் நீளமாக ஊதுகிறார். முதலில் வெளிவரும் வாய்க்காற்று வெளியேற்றப்பட்டு, இறுதியாக வரும் ஆழ்மூச்சுக் காற்றில் 52.5 மில்லிலிட்டர் மட்டும் ஓர் உருளையில் சேகரிக்கப்படுகிறது. இது 2100 மில்லிலிட்டரில் 40இல் ஒரு பங்காகும்.

2. அக்காற்று ஒரு கண்ணாடிக் குப்பியில் உள்ள கரைசலினூடே குமிழிகளாகச் செலுத்தப்படுகிறது. கரைசலில் பொட்டாசியம் டைகுரோமேட், கந்தக அமிலம் ஆகியவற்றுடன் வினையூக்கியாக வெள்ளி நைட்ரேட் உள்ளது.

3. ஆல்ககால் அசெட்டிக் அமிலமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்போது மஞ்சள் நிற டைகுரோமேட் ஒடுக்கமடைந்து பச்சை நிறக் குரோமிய உப்பாகிறது. ஆல்ககாலின் அளவுக்கேற்ப மஞ்சள் நிறம் குறைகிறது.

4. அருகில், அதே கரைசல் நிரம்பிய, திறக்கப்படாத இன்னொரு குப்பி உள்ளது. இரண்டுக்கும் இடையே ஒரு விளக்கு எரிகிறது. இரு குப்பிகளையும் கடந்து வரும் ஒளியை இரண்டு ஒளிமின்கலங்கள் ஒப்பிடுகின்றன.

5. வேறுபாடு நீங்கும் வரை விளக்கு நகர்த்தப்படுகிறது. விளக்கு நகர்ந்த தொலைவுக்கேற்ப முள் நகர்ந்து, குருதி ஆல்ககால் அளவை நேரடியாகக் காட்டுகிறது.

கண்ணால் நிறத்தை மதிப்பிடுவதும் தாளில் கணக்கிடுவதும் இதனால் தேவையற்றுப் போயின. குறுகிய காலப் பயிற்சி பெற்ற காவலர் ஒருவரே சோதனையைச் செய்ய முடிந்தது. வரம்புக்கு உட்பட்டிருந்த ஓட்டுநரை ஐயத்திலிருந்து விடுவிக்கவும் இதே கருவி உதவியது.

கிராண்ட் ராப்பிட்ஸ் ஆய்வு

அளக்கும் கருவி கிடைத்தபின், எந்த அளவைக் குற்றமாகக் கொள்வது என்னும் கேள்வி எஞ்சியது. விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் எத்தனை பேர் மது அருந்தியிருந்தனர் என்பதை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. அதே வேளையில் அதே சாலையில் விபத்தின்றிச் சென்றவர்களில் எத்தனை பேர் அருந்தியிருந்தனர் என்பதும் தெரிய வேண்டும். இவ்வாறு ஒப்பிடும் ஆய்வு ஒன்றை இலினொய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் ரிச்சர்ட் ஹோல்கோம் முன்னரே நடத்தி 1938இல் வெளியிட்டிருந்தார். அதில் காயமுற்ற ஓட்டுநர் 270 பேரும் ஏனைய ஓட்டுநர் 1,750 பேரும் ஆய்வு செய்யப்பட்டனர்.

போர்கென்ஸ்டைன் குழுவினர் இதே முறையைப் பெரிய அளவில் மேற்கொண்டனர். 1962, 1963ஆம் ஆண்டுகளில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் இவ்வாய்வு நடைபெற்றது. விபத்தில் தொடர்புடைய 5,985 ஓட்டுநர்களின் மூச்சு மாதிரிகள் ஆயப்பட்டன. முந்தைய ஆண்டுகளில் விபத்து நிகழ்ந்த இடங்களிலும் நேரங்களிலும் சென்றுகொண்டிருந்த 7,590 ஓட்டுநர்கள் ஒப்பீட்டுக் குழுவாகக் கொள்ளப்பட்டனர். ஆய்வின் அறிக்கை 1964இல் வெளியானது.

முடிவுகள்

மது அருந்தாதவருடன் ஒப்பிடும்போது விபத்து ஏற்படுத்தும் வாய்ப்பு எத்தனை மடங்கு என அறிக்கை மதிப்பிட்டது:

குருதியில் 0.06 விழுக்காடு – ஏறத்தாழ 2 மடங்கு
குருதியில் 0.10 விழுக்காடு – 6 முதல் 7 மடங்கு
குருதியில் 0.15 விழுக்காடு – ஏறத்தாழ 25 மடங்கு

அக்காலத்தில் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 0.15 விழுக்காடே சட்ட வரம்பாக இருந்தது. அதாவது, விபத்து வாய்ப்பு 25 மடங்காக உயரும் வரை சட்டம் காத்திருந்தது. வரம்பு மிக உயரத்தில் இருப்பதை இந்த ஆய்வு எண்களால் எடுத்துக்காட்டியது.

கிராண்ட் ராப்பிட்ஸ் பள்ளம்

இதே ஆய்வின் தரவுகளில் ஒரு புதிரும் காணப்பட்டது. 0.01 முதல் 0.04 விழுக்காடு வரை ஆல்ககால் இருந்தோர், சிறிதும் அருந்தாதவரை விடக் குறைவாக விபத்தில் சிக்கியதாகத் தோன்றியது. வரைபடத்தில் கோடு கீழிறங்கியதால் இது கிராண்ட் ராப்பிட்ஸ் பள்ளம் எனப்படுகிறது. சிறிதளவு மது ஓட்டும் திறனை வளர்க்கும் என்று சிலர் இதற்குப் பொருள் கொண்டனர்.

1970களில் செய்யப்பட்ட மறு ஆய்வுகள் இது பிழையான முடிவு என விளக்கின. எவ்வளவு அடிக்கடி அருந்தும் வழக்கமுடையவர் என்பதைக் கொண்டு ஓட்டுநர்களைத் தனித்தனிப் பிரிவுகளாக்கியபோது, ஒவ்வொரு பிரிவிலும் ஆல்ககால் கூடக்கூட விபத்து வாய்ப்பும் கூடியது. அருந்தாதோர் தொகுதியில் அனுபவம் குறைந்த இளையோரும் முதியோரும் மிகுதியாக இருந்தமையே பள்ளம் தோன்றக் காரணமாயிற்று. 2005இல் வெளியான புதிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்றில் இப்பள்ளம் காணப்படவில்லை. புள்ளியியல் மாணவர்களுக்குக் குழப்பக் காரணிகளை விளக்க இது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

சட்டங்களில் ஏற்பட்ட தாக்கம்

கிராண்ட் ராப்பிட்ஸ் ஆய்வு பல நாடுகளின் சட்டமியற்றலில் சான்றாகக் கொள்ளப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசில் காலத்தில் நிறைவேறிய 1967ஆம் ஆண்டுச் சாலைப் பாதுகாப்புச் சட்டம், 100 மில்லிலிட்டர் குருதியில் 80 மில்லிகிராம் (0.08 விழுக்காடு) என வரம்பு விதித்தது. அங்கு சாலையோரச் சோதனைக்குப் போர்கென்ஸ்டைனின் கருவியன்றி, செருமனியில் உருவான நிறம் மாறும் படிகக் குழாய்கள் பயன்பட்டன. முதல் ஓராண்டில் சாலை இறப்புகள் ஆயிரத்துக்கும் மேல் குறைந்ததாக அரசுக் கணக்குகள் காட்டின. ஆனால் சோதனைக்கு உள்ளாகும் வாய்ப்பு குறைவு என்பதை ஓட்டுநர் உணர்ந்தபின் அப்பயன் தேய்ந்தது. ஆத்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் எவரையும் நிறுத்திச் சோதிக்கும் முறையைப் பெருமளவில் தொடங்கியது. அங்கு உயிரிழப்பு விபத்துகளில் ஏற்பட்ட குறைவு நிலைத்தது. கருவியும் சட்டமும் மட்டும் போதா, இடைவிடாத சோதனையும் வேண்டும் என்பதே இவ்விரு நிகழ்வுகளும் தரும் பாடமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் வரம்பு படிப்படியாகத் தாழ்த்தப்பட்டது. 0.08 விழுக்காடு வரம்பை ஏற்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதி குறைக்கப்படும் என 2000ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் அறிவித்தது. 2004க்குள் எல்லா மாநிலங்களும் அதனை ஏற்றன. யூட்டா மாநிலம் 2018 டிசம்பர் இறுதியிலிருந்து 0.05 விழுக்காட்டைக் கடைப்பிடிக்கிறது. மது அருந்திய ஓட்டுநர் தொடர்புடைய விபத்துகளில் 1982இல் ஏறத்தாழ 21,000 பேர் அந்நாட்டில் உயிரிழந்தனர். 2019இல் இத்தொகை ஏறத்தாழ 10,000 ஆகக் குறைந்திருந்தது. 2021இல் மீண்டும் 13,000ஐத் தாண்டியது. குறைவுக்குச் சட்டம், இருக்கைப்பட்டை, வாகன வடிவமைப்பு, பொதுமக்கள் இயக்கங்கள் எனப் பல காரணங்கள் உண்டு.

இந்தியாவில்

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 185ஆம் பிரிவு மூச்சுப் பரிசோதனையை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு (0.03 விழுக்காடு) மேல் ஆல்ககால் இருப்பதாகக் கருவி காட்டினால் அது குற்றமாகும். 203ஆம் பிரிவு, சீருடையில் உள்ள காவல் அலுவலர் இச்சோதனையைக் கோர வகை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதல் குற்றத்திற்கு 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தமிழ்நாட்டில் இரவு நேர வாகனச் சோதனையின்போது காவலர் ‘ஊதச் சொல்லும்’ கருவி, வேதிக் கரைசலைக் கொண்ட பழைய பிரெத்தலைசர் அன்று. மின்னணு உணரிகளைக் கொண்ட, கையில் அடங்கும் பிற்காலக் கருவியாகும்.

கல்விப் பணி

கருவி நன்றாக இருப்பினும் அதனைக் கையாளுபவர் அறியாதவராயின் நீதி பிழைக்கும் என்பது போர்கென்ஸ்டைனின் நிலைப்பாடாக இருந்தது. ஆகவே சோதனை செய்வோருக்கும் அவர்களை மேற்பார்வை செய்வோருக்கும் இன்டியானா பல்கலைக்கழகத்தில் 1958ஆம் ஆண்டு முதல் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். காவலருடன் வேதியியலாளர், நச்சியல் வல்லுநர், வழக்கறிஞர் ஆகியோரும் இவற்றில் பயின்றனர். அரசுத் தரப்பினரும் எதிர்த் தரப்பினரும் ஒரே அறிவியலை அறிந்து வாதிட இது வழிவகுத்தது.

1970இல் மதுக்கூடங்களில் வைப்பதற்கென நாணயம் இட்டு இயக்கும் கருவி ஒன்றையும் இவர் உருவாக்கினார். அருந்தியவர் நாணயம் இட்டு ஊதினால், அவர் வாகனம் ஓட்டலாமா, நடந்து செல்ல வேண்டுமா, பிறர் வாகனத்தில் பயணியாகச் செல்ல வேண்டுமா என்று கருவி அறிவிக்கும். சாலைக்கு வருமுன்னரே ஒருவரைத் தடுப்பதே இதன் நோக்கம்.

குறைகளும் விமர்சனங்களும்

பிரெத்தலைசரின் முடிவுகள் நீதிமன்றங்களில் பலமுறை கேள்விக்குள்ளாயின. முதன்மையான விமர்சனங்கள் வருமாறு:

விகித வேறுபாடு: 2100:1 என்பது ஒரு பொது மதிப்பு. உடல் வெப்பநிலை, மூச்சு விடும் முறை ஆகியவற்றுக்கேற்ப இவ்விகிதம் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

வாயில் தங்கும் ஆல்ககால்: அண்மையில் அருந்தியிருந்தாலோ வாந்தி எடுத்திருந்தாலோ வாயில் எஞ்சிய ஆல்ககால் அளவை உயர்த்திக் காட்டும். எனவே சோதனைக்கு முன் 15 முதல் 20 நிமிடங்கள் வரை ஓட்டுநரைக் கண்காணித்துக் காத்திருப்பது நெறிமுறையாகும்.

பிற வேதிப்பொருள்கள்: டைகுரோமேட் எத்தனாலுடன் மட்டுமன்றி ஆக்சிஜனேற்றம் அடையக்கூடிய வேறு சில பொருள்களுடனும் வினைபுரியும்.

பிற்காலத்தில் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு அளக்கும் கருவிகளும் எரிபொருள் கல உணரிகளைக் கொண்ட சிறு கருவிகளும் வேதிக் கரைசல் முறையின் இடத்தைப் பிடித்தன. ஆயினும் ஆழ்மூச்சுக் காற்றைச் சேகரித்தல், உரிய நேரம் காத்திருத்தல், பயிற்சி பெற்றவரே சோதித்தல் ஆகிய அடிப்படைகள் தொடர்கின்றன.

சிறப்புகளும் விருதுகளும்

ஒஹாயோ மாநிலத்தின் விட்டன்பர்க் பல்கலைக்கழகம் 1963இல் இவருக்கு மதிப்புறு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. இன்டியானா பல்கலைக்கழகம் 1987இல் மதிப்புறு சட்ட முனைவர் பட்டம் வழங்கியது. ஆல்ககால், போதைப்பொருள், போக்குவரத்துப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான பன்னாட்டு அமைப்பின் தலைவராகவும் இவர் பணியாற்றினார். 1988ஆம் ஆண்டில் பாதுகாப்பு, உடல்நலம் ஆகிய துறைகளின் பன்னாட்டுப் புகழ் மன்றத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது.

ஆல்ககால், போதைப்பொருள், போக்குவரத்துப் பாதுகாப்பு ஆகியவற்றில் நெடுங்காலம் உழைத்தோருக்கு அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றம் போர்கென்ஸ்டைன் விருதை வழங்குகிறது. இவர் தொடங்கிய பயிற்சி வகுப்பு போர்கென்ஸ்டைன் வகுப்பு என்னும் பெயரில் தொடர்ந்து நடத்தப்பட்டு வருகிறது.

தடுக்கப்பட்ட விபத்து எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. காப்பாற்றப்பட்டவருக்கும் தாம் காப்பாற்றப்பட்டது தெரிவதில்லை. இதனால் சாலைப் பாதுகாப்பில் ஈடுபடும் காவலரின் பணியை, பிடிபட்டோர் எண்ணிக்கையையும் தண்டத் தொகையையும் கொண்டே அளவிடும் வழக்கம் பல நாடுகளில் உள்ளது. விபத்தில் சிக்கியோருடன் சிக்காதோரையும் எண்ணிய கிராண்ட் ராப்பிட்ஸ் ஆய்வு, தடுப்புப் பணியின் பயனையும் கணக்கிட இயலும் என்பதைக் காட்டியது. எழுத்தராகப் பணியில் சேர்ந்த ஒரு காவல் அலுவலருக்குக் கிடைத்த இச்சிறப்புகள் அவ்வாறு கணக்கிடப்பட்ட பணிக்காகவே அளிக்கப்பட்டவை.